ஒத்தக்கடைப் பட்டறையில் பிளேடு அறுந்துகொண்டே இருந்த பேண்ட் சா: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையிலிருந்து மேலூர் போகிற சாலையில், யானைமலை எதிரே தெரிகிற ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மரப்பட்டறை இருக்கிறது. நிலை, கதவு, ஜன்னல்தான் வேலை. மரம் பெரும்பாலும் வேம்பு, வேங்கை, கேட்கிறவர்களுக்குத் தேக்கு. ஓனர், அவரிடம் பல வருஷமாக இருக்கிற மூத்த ஆசாரி ஒருவர், இளைய ஆசாரிகள் இரண்டு பேர், மெஷினில் நிற்கிற 19 வயதுப் பையன் ஒருவன். நான் மர வேலை மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். இந்தப் பட்டறைக்கு அதற்கு முன் போனதில்லை.

மெஷின் பேண்ட் சா, வளையமாக ஒட்டிய பிளேடை மேலும் கீழும் உள்ள இரண்டு வீலில் மாட்டிச் சுற்றவிட்டு மரம் அறுக்கிறது. அளவு 24 இஞ்ச். அதாவது வீலின் விட்டம் 24 இஞ்ச், சுமார் 610 மி.மீ. தகடு மடித்து வெல்டிங் செய்த உடம்பு, கீழ் வீல் இரண்டு பிளம்மர் பிளாக்கில் (பேரிங்கைத் தாங்கும் கட்டையில்) ஓடுகிற ஷாஃப்டில் நிற்கிறது, மேல் வீல் சரிவில் (ஸ்லைடில்) ஏறி இறங்கி பிளேடை இழுத்துப் பிடிக்கிறது. மூன்று பேஸ் மோட்டார். தை மாதம் செகண்ட் ஹேண்டாக வாங்கி மினி லாரியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். பழைய இடத்தில் நன்றாக ஓடிய மெஷின் என்று ஓனர் திரும்பத் திரும்பச் சொன்னார். விற்றவரும் பொய் சொல்லவில்லை என்பது கடைசியில் தெரிந்தது.

வந்த முதல் மாதத்திலிருந்தே பிளேடு நடுவில் நிற்காமல் முன்னால் நழுவிக்கொண்டிருந்தது. வைகாசியில் வேறொரு மெக்கானிக் வந்து, மேல் வீலுக்குப் பின்னால் 1.5 மி.மீ. வாஷர் ஒன்று போட்டு வீலை முன்னால் கொண்டுவந்திருக்கிறார். ஒரு வாரம் சரியாக இருந்த மாதிரி இருந்தது, அப்புறம் பிளேடு அறுபட ஆரம்பித்தது. ஆனி மாதத்தில் அடுத்தடுத்து மூன்று.

மூன்றாவது அறுந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பிளேடு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதற்காக மேல் மூடியைத் திறந்து வைத்தே மரம் அறுத்திருக்கிறார்கள். அறுந்த பிளேடு அந்த வழியாக வெளியே அடித்து, பக்கத்தில் நின்ற பையனின் முன்கையைக் கிழித்துவிட்டது. நான்கு தையல். கண்ணிலோ கழுத்திலோ பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இந்த இடத்தை என்னால் எழுத முடியவில்லை. ஓனரும் அதை மறைக்காமல்தான் சொன்னார்: “மூடியைத் திறக்கச் சொன்னது நான்தாண்ணே.”

முதலில் பார்த்தவை

போனதும் மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். வீலில் கை வைக்கிற வேலைக்கு சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, யாராவது பழக்கதோஷத்தில் தட்டிவிடுவார்கள்.

அறுந்த பிளேடுகளை மூத்த ஆசாரி தூக்கிப் போடாமல் வைத்திருந்தார், அது பெரிய உதவி. பட்டறையில் எல்லாரும் பிளேடு ஒட்டுகிறவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மூன்றில் எதுவும் ஒட்டில் விடவில்லை, மூன்றும் ஒட்டிலிருந்து தள்ளிப் பல்லடியில் விரிசல் விட்டு அறுந்திருந்தன. இன்னும் அறுபடாத இடங்களிலும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மயிரிழை விரிசல்கள், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தன. ஒட்டு கோணலாக இருக்கிறதா என்று பிளேடின் முதுகை ஒரு மூலைமட்டத்தின் விளிம்பில் வைத்தும் பார்த்தோம், நேராகவே இருந்தது. ஒட்டுகிறவர் மேல் தப்பில்லை.

பிளேடின் முதுகு தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது, ஓரத்தில் பிசிறு எழும்பியிருந்தது. பின் பேரிங்கின் முகத்தில் ஒரு வளையப் பள்ளம். மரம் தள்ளும்போது மட்டும் தொட வேண்டிய பேரிங் அது. சும்மா சுற்றும்போதும் பிளேடு அதை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

மேல் வீலைச் சாய்த்து பிளேடை முன்பின் நகர்த்துகிற சாய்வுத் திருகு முழுதாக ஒரு பக்கம் போய், இன்னும் ஒரு சுற்றுகூட மிச்சமில்லாமல் நின்றது. புதுப் பிளேடு ஒன்றை மாட்டி வீலைக் கையால் சுற்றிப் பார்த்தால், மேல் வீலில் பிளேடு பின்பக்கமாகவும் கீழ் வீலில் முன் ஓரத்திலும் ஓடியது. ஒரே பிளேடு இரண்டு வீலில் இரண்டு இடத்தில் ஓடினால், நடுவில் அது சாய்ந்துதான் இறங்கும்.

வீலின் ரப்பர் மேல் வேப்பந்தூளும் பிசினும் கட்டி தட்டிப்போயிருந்தது. ரப்பரின் நடுவில் லேசான மேடு இருக்க வேண்டும். ஓடுகிற பட்டை எப்போதும் உயரமான இடத்தை நோக்கி ஏறும், அந்த மேடுதான் பிளேடை நடுவில் பிடித்து வைக்கிறது. இங்கே தூள் கட்டி, மேடு எது பள்ளம் எது என்றே தெரியவில்லை. மரச்சீவலால் சுரண்டி, துணியால் துடைத்து எடுத்தோம். கத்தி போடவில்லை.

இன்னொன்று, பிளேடின் தடிமன். மைக்ரோமீட்டரில் 0.9 மி.மீ. வந்தது. கேட்டால், தடித்த பிளேடு சீக்கிரம் அறுபடாது என்று ஓனர் விரும்பி வாங்கியதாம். நடப்பது நேர் எதிர். வீல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிளேடின் தடிமனாக இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, 610 மி.மீ. வீலுக்கு 0.6 மி.மீ. அதற்கு மேல் தடித்தால் வீலில் வளையும்போது வெளிப்புறம் அதிகமாக இழுபடுகிறது. இந்த மெஷினில் கீழ் வீல் நிமிஷத்துக்கு 700 சுற்று, பிளேடு சுமார் 4.3 மீட்டர், கணக்குப் போட்டால் பிளேடின் ஒவ்வொரு இடமும் ஒரு மணி நேரத்தில் 37,000 முறைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடித்து ஒடிக்கிற அதே வேலைதான்.

அளந்ததும், நான் செய்த தப்பும்

இரண்டு வீலும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க நீளமான ஒரு மட்டக்கோல் வேண்டும். கொத்தனார் வைத்திருக்கிற அலுமினியச் சட்டம் ஒன்றை வாங்கி வந்து வைத்தேன். மூத்த ஆசாரி அதைத் தரையில் போட்டு ஒரு கோடு கிழித்து, புரட்டிப் போட்டு அதே இரண்டு முனையைத் தொட்டு இன்னொரு கோடு கிழித்தார். நடுவில் இரண்டு கோடும் ஒரு நூல் விலகி நின்றன. வளைவு அதில் பாதி, அரை நூல். எட்டு நூல் ஒரு இஞ்ச் என்கிற நம் ஆசாரிக் கணக்கில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல். நாம் தேடுகிற குறையே அந்த அளவுதான். “தம்பி, இத வச்சு அளந்தா வீலுக்கு இல்லாத சீக்கு வரும்” என்றார். பழைய காய்ந்த தேக்கில் 6 அடிக்கு ஒரு கோலை அவரே இழைத்துக் கொடுத்தார், புரட்டிக் கோடு போட்டு இரண்டும் ஒன்றாகிற வரை. ஒரு மணி நேரம் ஆனது.

மேசையைக் கழற்றி, இரண்டு மூடியையும் எடுத்தோம். வீலின் நடுக் குடம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கோலை நடுவில் வைக்க முடியாது. நடுவிலிருந்து வலப்பக்கம் 200 மி.மீ. தள்ளி ஒரு கோடு, இடப்பக்கம் 200 மி.மீ. தள்ளி ஒரு கோடு என்று வைத்துக்கொண்டேன். கீழ் வீல் விளிம்பில் மேலும் கீழுமாக 10 மி.மீ. கட்டை இரண்டு ஒட்டி அதன்மேல் கோலைச் சாய்த்தால், மேல் வீல் விளிம்புக்கும் கோலுக்கும் நடுவில் வெர்னியரில் 10 வர வேண்டும். குறைந்தால் மேல் வீல் முன்னால் நிற்கிறது, கூடினால் பின்னால். மேல் வீலின் உச்சியிலும் அடியிலும் ஒரே அளவு வருகிற மாதிரி சாய்வுத் திருகை வைத்துவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். பிளேடு கையில் தட்டுப்படுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு அளந்தேன். வலது 10, இடது 8 வந்தது. அந்தக் கணக்கை நம்பிக் கீழ் ஷாஃப்டின் பின் பிளம்மர் பிளாக்கைத் தளர்த்தி நகர்த்தவும் செய்துவிட்டேன். அப்புறம் பிளேடை மாட்டி இழுத்தால் எல்லாம் மாறிவிட்டது, மேல் வீல் உச்சி முன்னால் குனிந்து உச்சிக்கும் அடிக்கும் 2 மி.மீ. வித்தியாசம். மேல் வீல் ஏறி இறங்குகிற சரிவில் தேய்மானம் இருக்கிறது, பிளேடு இழுக்கும்போது அந்த இடைவெளி ஒரு பக்கமாகப் படிந்து வீலைச் சாய்க்கிறது. உடம்பும் கொஞ்சம் வளைகிறது. ஓடும்போது இருக்கிற இழுப்பில் அளக்காத அளவு எதற்கும் ஆகாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது, இருந்தும் அவசரத்தில் விட்டேன். பிளாக்கைப் பழைய குறிக்கே கொண்டுவந்து வைக்க அரை நாள் போனது. நகர்த்துவதற்கு முன் ஆணியால் ஒரு குறி கிழித்து வைத்திருந்தேன், இல்லையென்றால் அதுவும் தொலைந்திருக்கும்.

இழுப்போடு அளந்தபோது: வலது 10, இடது 7.

இதைப் பார்த்ததும் வைகாசியில் போட்ட வாஷரின் கதை புரிந்துவிட்டது. அந்த மெக்கானிக் பிளேடு இறங்குகிற வலப்பக்கம் மட்டும் கோலை வைத்திருக்க வேண்டும். இடப்பக்கம் தூண் இருப்பதால் குனிந்து வைப்பது சிரமம். வலப்பக்கம் மேல் வீல் 1.5 மி.மீ. பின்னால் இருப்பதைப் பார்த்து, அவ்வளவுக்கு வாஷர் போட்டு அந்தக் கோட்டைச் சரியாக்கிவிட்டார். வாஷருக்கு முன் இடப்பக்கம் அதே 1.5 முன்னால் இருந்திருக்கும், வாஷர் போட்டதும் அது 3 ஆகிவிட்டது. வீல் மொத்தமாக முன்னாலோ பின்னாலோ தள்ளி நின்றால் வாஷர் அதற்கு மருந்து. இரண்டு வீலும் ஒன்றையொன்று பார்க்காமல் திரும்பி நின்றால் வாஷரால் ஒன்றும் செய்ய முடியாது, ஒரு பக்கத்தை மூடி மறுபக்கத்தைத் திறக்கும். இது முறுக்கு.

தரை

அப்படியானால் நன்றாக ஓடிய மெஷினுக்கு முறுக்கு எங்கிருந்து வந்தது? ஷாஃப்ட் வளைந்ததா என்று பிளேடைக் கழற்றி வீலைச் சுற்றிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. பிளம்மர் பிளாக் போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன.

மூத்த ஆசாரி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், மெஷினின் கால் பக்கம் கையைக் காட்டினார். நான்கு காலில் பின்பக்கத்து இடது கால் அருகே சிமெண்டில் ஒரு விரிசல். இறக்கின அன்று அந்தக் கால் தரையில் படாமல் நின்றதாம். ஆட்டம் நிற்கட்டும் என்று ஆங்கர் போல்ட்டைப் போட்டு இறுக்கித் தரையோடு சேர்த்துவிட்டார்கள். கால் தரைக்கு வந்தது. கூடவே உடம்பும் முறுகியது. தகட்டு உடம்பு அந்த அளவுக்கு இசைந்து கொடுக்கும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

அந்த ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்தினோம். கால் 2 மி.மீ. மேலே எழும்பி நின்றது. வேறு எதையும் தொடாமல் மறுபடி கோலை வைத்தேன்: வலது 9.25, இடது 7.75. முறுக்கில் பாதி போய்விட்டது. அந்த நேரத்தில் ஓனர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆறு மாதமாகப் பிளேடு கடைக்கும் ஒட்டுகிறவரிடமும் அலைந்த மனிதர், ஒரு ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்தியதில் கணக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எடுத்த முடிவுகள்

முதலில் காலுக்கு அடியில் பேக்கிங் கொடுத்து, உடம்பை இழுக்காமல் இறுக்க முடிவு செய்தோம். கையில் அகப்பட்ட பிளைவுட் துண்டை வைத்தோம். இந்த முடிவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மிச்ச முறுக்கு வலதுக்கும் இடதுக்கும் நடுவில் 1.5 மி.மீ. இரண்டு கோட்டுக்கும் தூரம் 400 மி.மீ., இரண்டு பிளம்மர் பிளாக்குக்கும் தூரம் 200 மி.மீ. 400-க்கு 1.5 என்றால் 200-க்கு 0.75. பின் பிளாக்கை அதன் நீள்துளைக்குள் 0.75 மி.மீ. பக்கவாட்டில் தட்டினால் போதும். பிளாக்கின் மறுபக்கத்தில் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்து, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறுக்கினேன். வலது 8.5, இடது 8.5. முறுக்கு முழுதாகப் போனது.

மிச்சம் இருப்பது இரண்டு பக்கமும் ஒரே 1.5, அதாவது மேல் வீல் அவ்வளவு முன்னால். வைகாசி வாஷரை எடுத்தேன். 10, 10. அந்த வாஷரை ஓனரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது பிளேடு. 0.9-ஐயே மாட்டிச் சில நாள் ஓட்டினால், வீலைச் சரி செய்ததால் எவ்வளவு குணம் என்று தனியாகத் தெரிந்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் அது தெரியாது. இதை ஓனரிடம் சொல்லி யோசித்தோம், ஆனால் கையில் கட்டோடு நிற்கிற பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரிசல் விடும் என்று தெரிந்த பிளேடை ஓட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 0.6 மி.மீ. பிளேடே மாட்டினோம். எது எவ்வளவு குணமாக்கியது என்பதை அதனால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிளேடைப் பக்கத்திலும் முதுகிலும் பிடிக்கிற கைடுகள் எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டு, பிளேடை இழுத்து, வீலைக் கையால் சுற்றியே சாய்வுத் திருகை வைத்தோம். திருகு இப்போது ஏறக்குறைய நடுவில் நின்றது. இரண்டு வீலிலும் பிளேடு ரப்பரின் நடுவில். அதற்கு அப்புறம்தான் பக்கக் கைடுகளை ஒரு தாள் கனத்துக்குக் கொண்டுவந்தோம். புதுப் பின் பேரிங்கைச் சும்மா சுற்றும்போது தொடாமல், மரம் தள்ளும்போது தொடுகிற மாதிரி வைத்தோம். கைடை முதலில் வைத்துவிட்டு அதற்குள் பிளேடை அடக்கப் பார்ப்பது பல பட்டறைகளில் நடக்கிறது, அப்படி வைத்தால் கைடு வீலின் குறையை மறைத்து பிளேடின் உயிரை எடுக்கும்.

மூடிகளை மாட்டி, எல்லாரும் பிளேடின் நேர்க்கோட்டை விட்டு விலகி நின்ற பிறகு ஃபியூஸைக் கொடுத்தேன். மூடி திறந்து மோட்டார் ஓடக் கூடாது என்று ஓனரே சொல்லிவிட்டார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பின்னர் நடந்தவை

6 இஞ்ச் உயர வேப்பங்கட்டையை நடுவில் பிளந்து பார்த்தோம். முன்பு மேலுக்கும் கீழுக்கும் 2 நூல் விலகும் என்று இளைய ஆசாரி சொன்னார். இப்போது அரை நூலுக்கும் கீழே. இழைப்பு மெஷினில் ஒரு பாஸ் கொடுத்தால் போய்விடும்.

முன்பு ஒரு பிளேடு இரண்டு மூன்று நாளில் அறுபட்டது. மாற்றிய பிறகு முதல் பிளேடு 11 நாள் ஓடி, பல் மழுங்கிச் சாணைக்குப் போனது. அறுபடவில்லை. ஆடியில் நிலை வைக்கிறவர்கள் குறைவு என்பதால் வேலையும் குறைவாக இருந்தது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆவணி பிறந்ததும் நெரிசல் வந்தது. அந்த நெரிசலிலும் பிளேடு தாங்கியது.

ஆவணி நடுவில் ஒரு காலை ஓனர் கூப்பிட்டார்: “அண்ணே, மறுபடி முன்னால வருது. நிப்பாட்டிட்டேன்.” பழைய மாதிரியாக இருந்தால் திருகைத் திருப்பி ஓட்டியிருப்பார். போய்க் கோலை வைத்தால் இடது 9, வலது 10. பின்பக்கத்து இடது காலில் வைத்த பிளைவுட் நசுங்கியிருந்தது. முந்தைய நாட்களில் சாயங்காலம் சாயங்காலம் மழை, கூரை ஒழுக்கில் அந்த மூலை நனைந்து ஊறியிருக்கிறது, அதிர்வில் ஒரு மில்லிமீட்டர் அமுங்கிவிட்டது. நான் அன்றைக்கே இரும்புத் தகடு வைத்திருக்க வேண்டும். 2 மி.மீ. தகடு வெட்டி வைத்து இறுக்கியதும் 10, 10 திரும்ப வந்தது. அதிலிருந்து புரட்டாசி முடிகிற வரை, இதை எழுதுகிற வரை, பிளேடு அறுந்து மெஷின் நிற்கவில்லை.

பையனின் தையல் பிரித்தாயிற்று. விரல் எல்லாம் நன்றாக மடங்குகிறது. திங்கட்கிழமை காலையில் மெயினை இறக்கிவிட்டு, ரப்பரைத் துடைத்து, மேசையை எடுக்காமல் வைக்க முடிகிற இடப்பக்கம் மட்டும் கோலை வைத்து அளப்பது இப்போது அவன் வேலை. அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறான். மாதம் ஒருமுறை மேசையையும் கழற்றி இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அடுத்த முறை இப்படி ஒரு பட்டறைக்குப் போனால், வீலைத் தொடுவதற்கு முன் நான்கு காலையும் பார்ப்பேன். ஒவ்வொரு ஆங்கர் போல்ட்டாகத் தளர்த்தி எந்தக் கால் எழும்புகிறது என்று பார்க்கக் கால் மணி நேரம் ஆகாது. இடம் மாறி வந்த மெஷின் என்று ஓனர் சொன்ன முதல் வார்த்தையிலேயே அது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும், நான் வீலிலேயே கண்ணை வைத்திருந்தேன். அளப்பதும் முதல் தடவையிலிருந்தே பிளேடை மாட்டி, ஓட்டுகிற இழுப்பு வைத்துத்தான்.

ரப்பர் இன்னும் மாற்றவில்லை. கீழ் வீலில் முன் ஓரம் தேய்ந்து நடுமேடு பாதிதான் இருக்கிறது, பிளேடு நடுவில் நிற்கிறது என்பதால் விட்டிருக்கிறோம். மேல் வீல் சரிவின் தேய்மானமும் அப்படியே இருக்கிறது. கழற்றி லேத்துக்கு அனுப்பினால் மூன்று நாள் மெஷின் நிற்கும், ஆவணியில் அதற்கு ஓனர் ஒப்பவில்லை, எனக்கும் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. மார்கழியில் நிலை வேலை ஓய்ந்ததும் இரண்டையும் சேர்த்துக் கழற்றுவதாகப் பேசியிருக்கிறோம்.